லிஃப்ட்டுக்குள் ஒரு கருப்புக் கல்

பயப்படாதீங்க தம்பி. இது கீழ விழாது. நடுவுல நிக்குமே தவிர விழாது. நான் இந்த அசோசியேஷன் செக்ரெட்டரி, எனக்குத் தெரியாதா. போனை அப்படித் தூக்கித் தூக்கிக் காட்டாதீங்க, சுத்திலும் சுவரு, சிக்னல் வராது. கொளஞ்சி... ஏய் கொளஞ்சி... மெயினை ஆஃப் பண்ணுய்யா. மெக்கானிக்குக்கு ஒரு போனைப் போடு. கேட்டுச்சா? நம்ம வாட்ச்மேன்தான், பண்ணிட்டானாம். மெக்கானிக் அம்பத்தூர்ல வேற ஒரு வேலையா இருக்கானாம், முடிச்சிட்டு வர்றானாம். அவ்வளவுதான். நாம பேசாம இருக்க வேண்டியதுதான்.

எங்க நிக்கிறோம் பாருங்க. மூணாவது மாடித் தரை என் நெஞ்சு உசரத்துக்கு வந்துட்டுது. இன்னும் நாலடி ஏறியிருந்தா ஜம்முனு இறங்கிப் போயிருப்பீங்க. பழைய காலத்து லிஃப்ட். உள்ள ஒரு கம்பிக் கதவு, வெளிய ஒரு கம்பிக் கதவு, ரெண்டையும் கையால இழுத்துச் சாத்தணும். அதனால காத்து வருது, மூச்சு முட்டாது. புது பில்டிங் லிஃப்ட்டுல மாட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும் சேதி.

அந்தக் கம்பி வழியா பாத்தா ஒரு வாசல்ல மூட்டையும் பெட்டியுமா தெரியுதே, அதான் மூணு-பி. நீங்க அங்கதானே போறீங்க? சொல்லவே வேண்டாம். கையில டேப்பு, மடிச்ச அட்டைப்பெட்டி, சணல் கயிறு. பேக்கர்ஸ் ஆளுன்னு பாத்தவுடனே தெரிஞ்சுபோச்சு. இருங்க, நான் சொல்லி முடிச்சிடறேன், அப்புறம் நீங்க சொல்லுங்க. எங்க கொண்டு போறீங்க எல்லாத்தையும்? நாக்பூருக்கா? பீரோவுமா? ஓ, பீரோவைக் குடுத்துட்டாரா. ஒண்ணும் இல்ல, சும்மா கேட்டேன். எனக்கு என்ன வந்துச்சு.

அந்த வீட்டுக்காரர் பேரை நான் சொல்றதில்ல தம்பி. ரெண்டு வருஷமாச்சு. நோட்டீஸ்ல எழுத வேண்டியிருந்தாலும் மூணு-பின்னுதான் எழுதுவேன். இன்னைக்கு அவர் ஒரேயடியா கிளம்புறாரு. கிளம்பட்டும். நான் காலையிலேர்ந்து வாசல் கேட்டுக்கிட்ட நின்னது அதுக்காக இல்ல. தண்ணி லாரி வரணும், அதுக்காக நின்னேன். லாரி வரல.

உக்காருங்க. தரையிலயே உக்காரலாம், கையை வெச்சுப் பாருங்க, ஜில்லுனு இருக்கும். குனிஞ்சா முகம் தெரியும். எத்தனை அபார்ட்மெண்ட்டுல லிஃப்ட்டுக்குள்ள இப்படி ஒரு கல்லு பாத்திருக்கீங்க? நான் போட்டது. இந்தக் கல்லாலதான் எல்லாமே.

முன்னாடி இங்க ஒரு ரப்பர் ஷீட் கிடந்தது. கிழிஞ்சு, ஓரமெல்லாம் சுருண்டு, பாக்கவே அசிங்கம். நான் செக்ரெட்டரி ஆனதும் முதல் வேலையா இதை மாத்தணும்னு முடிவு பண்ணினேன். கல்லுக் கடைக்குப் போய் ரெண்டு துண்டு சாம்பிள் வாங்கிட்டு வந்தேன். ஒண்ணு சாம்பக் கலர், உள்ள வெள்ளையும் கருப்புமா புள்ளி புள்ளியா இருக்கும். இன்னொண்ணு இது. ஒரே கருப்பு, ஒரு புள்ளி கிடையாது. எது நல்லாயிருக்கும் சொல்லுங்க? குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். கடைக்காரன் என்ன சொல்றான், இதான் சார் ஒண்ணாம் நம்பர் பிளாக் கிரானைட்டு, வெளிநாட்டுக்கெல்லாம் போகுதுன்றான். நான் வீட்டு விசேஷம் மாதிரி எல்லாரையும் ஞாயித்துக்கிழமை கீழ கூப்பிட்டு, காப்பி குடுத்து, ரெண்டு துண்டையும் மேசை மேல வெச்சு, பாருங்க, நாம போடப்போறது ஒண்ணாம் நம்பர் கிரானைட்டுன்னு சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க.

மூணு-பி எழுந்திரிச்சாரு.

அவர் யாருன்னு சொல்லணுமில்ல. கவர்மெண்ட்டுல பாறை ஆராய்ச்சி. ஊர் ஊராப் போய் சுத்தியலால கல்லைத் தட்டிப் பாக்குற உத்தியோகம். நான் கூட்டுறவுத் துறை. ரெண்டு பேரும் ஒரே மாசத்துல இங்க குடி வந்தோம். காலையில நடக்கப் போனா ஒண்ணாத்தான் போவோம். அவர் வீட்டுக்கு ஒரு பேப்பர் வரும், எங்க வீட்டுக்கு வராது, எதுக்கு ரெண்டு பேப்பர்? அவர் படிக்கிறப்பவே நடுப்பக்கத்தை உருவிக்கிட்டு வந்துடுவேன். அவர் பொண்ணு கல்யாணத்துல பந்தியைப் பாத்துக்கிட்டது யாருன்னு நினைக்கிறீங்க? அப்பேர்ப்பட்ட ஆளு எழுந்திரிச்சு, அத்தனை பேர் நடுவுல, "யோவ் ஏகாம்பரம், இது கிரானைட்டே இல்லய்யா"ன்னாரு.

எனக்கு எப்படி இருக்கும்? கையில காப்பி டம்ளர்.

அவர் நிறுத்தலை. ரெண்டு கல்லும் பூமிக்கு அடியில குழம்பா, நெருப்பா இருந்ததுதானாம். சாம்பக்கல்லு ஆழத்துலயே கிடந்து மெதுவா ஆறிச்சாம். லட்சக்கணக்கான வருஷம் ஆகுமாம் ஆற. மெதுவா ஆறினதால உள்ள மணி மணியாக் கட்டிக்கிச்சு, வெறும் கண்ணால பாத்தாலே ஒவ்வொரு மணியும் தனியாத் தெரியுது, அதுதான் கிரானைட்டுன்றாரு. அவங்க வீட்டம்மா மரகதம், பக்கத்துல உக்காந்திருந்தவங்க, "கல்கண்டு மாதிரி. பாகை அவசரப்படாம ஆறவிட்டாத்தான் கல்லு பெரிசா விழும்"னாங்க. அந்தம்மா சொன்னா எல்லாருக்கும் புரியும். இந்தக் கருப்பு எப்படின்னா, பாறை வெடிப்பு வழியா மேல ஏறி வந்து சீக்கிரமே ஆறிப்போனதாம். மணியெல்லாம் பொடிப்பொடி, கண்ணுக்கே தெரியாது. உள்ள இரும்பு ஜாஸ்தி, அதனாலதான் கருப்பு, அதனாலதான் கனம். இதுக்குப் பேரு டோலரைட்டாம். கடைக்காரன் விக்கிறதுக்காக கிரானைட்டுன்றானாம்.

சரி, பேர்ல என்ன இருக்குன்னு விட்டிருக்கலாம். விடலை. "லிஃப்ட்டுக்குள்ள கல்லே போடக் கூடாது, திரும்ப ரப்பர் ஷீட்டே போடு. கல்லுதான் வேணும்னு அடம் பிடிச்சா சாம்பக்கல்லைப் போடு, அது கொஞ்சமாவது லேசு"ன்றாரு. ஒரே அளவுத் துண்டு ரெண்டும், எப்படிக் கனம் வேற வேறயா இருக்கும்னு நான் கேட்டேன். கேக்கலாமில்ல? அந்த நேரம் பாத்து கேட்டுக்கிட்ட பழைய பேப்பர்காரர். அவரை உள்ள கூப்பிட்டு, அவர் தராசை வாங்கி, இந்தத் தட்டுல ஒண்ணு அந்தத் தட்டுல ஒண்ணு வெச்சாரு. கருப்பு வெச்ச தட்டு பொதுக்குனு கீழ போச்சு. அத்தனை பேரும் சிரிச்சாங்க. எங்க வீட்டுக்காரியும் சிரிச்சா. பழைய பேப்பர்காரர் தராசு நம்மகிட்ட என்னைக்காவது சரியாக் காட்டியிருக்கா? அதை யாரும் கேக்கலை.

அடுத்த வாரமே கருப்பைப் போட்டேன். நல்லா தடிமனாவே போட்டேன்.

மெதுவாப் பேசுவோம். மூணு-பி கதவு திறந்துதான் இருக்கு, அங்க கேக்கும். கேட்டா கேக்கட்டும், நான் பொய்யா சொல்றேன்?

லிஃப்ட் நிக்கிறது கல்லாலன்னு நினைக்காதீங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. வயசான மெஷினு. ஆறு பேர் ஏறலாம்னு கம்பெனிக்காரன் எழுதியிருந்தான், கல்லு போட்டப்புறம் அடிக்கடி நின்னுச்சு, நான் மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன், நாலு பேர்னு. அப்புறம் மூணு. இப்ப ரெண்டு பேர், சாமான் கூடாது. அதோ உங்க தலைக்கு மேலதான் ஒட்டியிருக்கு. உங்களைச் சாமானோட ஏத்தினது என் தப்புதான், நாக்பூர் விவரம் கேக்கலாமேன்னு ஏத்திக்கிட்டேன். மெக்கானிக் ஒரு தடவை சொன்னான், "சார், கல்லை எடுங்க, இல்லைன்னா மறுபக்கம் தொங்குற எடையைக் கூட்டணும்"னு. கல்லை எடுத்தா மூணு-பி சொன்னது சரின்னு ஆயிடும். எடையைக் கூட்டினாலும் அவர் சொன்னது சரின்னு ஆயிடும். நான் எந்தப் பக்கம் போறது? அதனால ஸ்டிக்கரை மாத்தினேன்.

அதுலேர்ந்து பேச்சு இல்ல. நான் மனசுல எதையும் வெச்சுக்கிறவன் இல்ல தம்பி. எங்க வீட்ல கேட்டுப் பாருங்க. கோபம் வந்தா வரும், உடனே ஆறிடும். அவர் கணக்குப்படி பாத்தா நான் இந்தக் கருப்புக்கல்லு ஜாதி. அவர்தான் சாம்பக்கல்லு. ஆழத்துல வெச்சுக்கிட்டு ஆற மாட்டேங்குற ஜாதி. ரெண்டு வருஷமா ஆறலைன்னா பாத்துக்குங்களேன். நடக்கப் போறப்ப அவர் தெருவுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஒருநாள் அவர் இந்தப் பக்கமா வந்தாரு. நான் அந்தப் பக்கம் போயிட்டேன். வம்பு எதுக்குன்னுதான்.

இன்னொண்ணு சொல்றேன், வெளிய சொல்லாதீங்க.

போன வருஷம் மரகதத்துக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுட்டுது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும், ஆம்புலன்ஸ் கீழ நிக்குது. லிஃப்ட் ஓடலை. ஓடலைன்னா, முந்தின நாள்லேர்ந்தே ரிப்பேர், நான் என்ன பண்றது? ஸ்ட்ரெச்சர் படிக்கட்டுல திரும்பலை. ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலியில உக்கார வெச்சு நாலு பேராத் தூக்கினாங்க. நாலாவது ஆள் நான். யாரும் கூப்பிடலை, நானா போய் ஒரு காலைப் பிடிச்சேன். எனக்கு எதிர்ப்பக்கத்துக் காலை அவர் பிடிச்சிருந்தாரு. மூணு மாடி. அவர் என்னைப் பாக்கலை, நான் அவரைப் பாக்கலை. அந்தம்மா மூச்சு விட முடியாம, என்கிட்ட சொல்லுது: "அண்ணே, பாத்து. உங்களுக்கு இடுப்பு வலி."

அதுக்கப்புறம் ஆஸ்பத்திரியில ரொம்ப நாள் இருந்துதான் போனாங்க. அதனால லிஃப்ட்டாலன்னு யாரும் சொல்ல முடியாது. யாரும் சொல்லவும் இல்ல. அசோசியேஷன் சார்பா பெரிய மாலையா வாங்கிப் போட்டேன். போட்டுட்டு வந்துட்டேன். அவன் கூட ஒண்ணும் சொல்லலை. அதான் தம்பி விஷயமே. ஒரு வார்த்தை, உன் கல்லாலதான்டான்னு ஒரு வார்த்தை அவன் சொல்லியிருந்தான்னா, நான் திருப்பி ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். சொன்னாத்தானே.

என்ன கண்ணைத் துடைக்கிறீங்க? மேலேர்ந்து தூசி விழுதா? துண்டு இருக்கு, இந்தாங்க.

உஷ். பேசாதீங்க. யாரோ வர்றாங்க. அந்தக் காலைப் பாருங்க, கம்பிக்கு அந்தப் பக்கம். அவன்தான். வலது கட்டை விரல் நகம் கருத்திருக்கு பாருங்க, எந்த ஊர்லயோ பாறைத் துண்டு விழுந்தது. நான் இங்க இருக்கேன்னு சொல்லாதீங்க. யாரைக் கூப்பிடுறான்? "மாப்ள, டேப் வாங்கப் போனவரு எங்க போனீங்க?"ன்றான். எந்த மாப்பிள்ளை?

நீங்க ஏன் "இங்கதான் மாமா"ன்னு சொல்றீங்க?

ஐயோ.

நீங்களா? கல்யாணத்துல உங்களுக்கு மீசை இருந்துச்சே. இலை போட்டு, பக்கத்துல நின்னு ரெண்டாவது தடவை பாயசம் ஊத்தச் சொன்னது நான்தான். நீங்க சொல்லியிருக்கலாமில்ல? நான் எங்க சொல்லவிட்டேன். அது சரி. அப்ப அந்த நாற்காலி விஷயத்தை உங்ககிட்டயா சொன்னேன்? உங்க மாமியாரைப் பத்தி உங்ககிட்டயே. நான் மூஞ்சியை எங்க கொண்டு வெச்சுக்குவேன், இந்தக் கல்லு வேற காட்டிக் குடுக்குது.

கொளஞ்சி ஏன் மேல ஏறி வந்தான்? என்ன கேக்குறான்? சாவியா? என்கிட்ட இல்லய்யா. மெக்கானிக் வரட்டும். மாப்ள, அப்படிப் பாக்காதீங்க. இடுப்புல தொங்குறது வீட்டுச் சாவி.

சரி, வீட்டுச் சாவியோட அதுவும் இருக்கு. வெளிக்கதவைத் திறக்கிறதுக்கு ஒரே சாவிதான். கண்டவன் திறந்து எட்டிப் பாப்பான்னு நான்தான் கொளஞ்சிகிட்டேர்ந்து வாங்கி வெச்சுக்கிட்டேன். துவாரம் வெளிப்பக்கம் இருக்கு, நாம உள்ளேர்ந்து திறக்க முடியாது. இதை அவங்க கையில குடுத்தா இப்பவே திறந்துடலாம். மெயினும் ஆஃப்ல இருக்கு, ஆபத்து ஒண்ணும் இல்ல. முதல்லயே குடுத்திருக்கலாம்தான்.

ரயில் எப்ப? சாயங்காலமா. நீங்க இங்க உள்ள இருந்தா அவன் எப்படிப் போவான்? மாப்பிள்ளையை லிஃப்ட்டுல விட்டுட்டு ரயில் ஏற மாட்டானில்ல?

கோவிச்சுக்காதீங்க. மெதுவாத்தான் சொல்றேன். அவன் போறது எனக்குப் பிடிக்கலை. நாக்பூர்ல அவனுக்கு யாரைத் தெரியும்? பேரன் ஸ்கூலுக்குப் போயிடுவான், நீங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போயிடுவீங்க, அவன் ஜன்னலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான். பேப்பரை யார் உருவுவாங்க? இங்கன்னா, பேசலைன்னாலும் தெருவுக்கு அந்தப் பக்கம் நடந்து போவான். அது போதும் எனக்கு. நான் அதுக்கு மேல கேக்கலையே.

என்ன சொன்னீங்க? போன்ல பேசுவானா, என்னைப் பத்தியா? என்னன்னு? தொப்பி போடாம வெயில்ல மொட்டை மாடி மோட்டர் ரூமுக்குப் போறேன்னு சொன்னானா. எங்க வீட்டுக்காரி கையால காப்பி குடிச்சுக்கிட்டே எல்லாம் விசாரிப்பானாமா. அவ மூணாவது மாடிக்குப் போறது எனக்குத் தெரியாதுன்னு ரெண்டு பேரும் நினைச்சுக்கிட்டிருக்காங்க. காலையிலேர்ந்து புளியோதரை கிளறுறா, யாருக்குடின்னு கேட்டா சும்மான்றா. வீடு பூரா நல்லெண்ணெய் வாசனை, ரயிலுக்குக் கட்டுற வாசனை எனக்குத் தெரியாதா?

இந்தாங்க சாவி. நீங்க குடுங்க. நான் குடுக்க மாட்டேன். அதோ நீட்டுறான் பாருங்க கையை, கம்பி வழியா. குடுங்க சீக்கிரம்.

ம். திறந்தாச்சு. நம்ம உள்கதவை நான் இழுக்கிறேன், நீங்க ஏறுங்க. சின்ன வயசு, கையை ஊணி ஒரே எம்பு, அவ்வளவுதான். பாத்து, தலை இடிக்கும். டேப்பு, அட்டையெல்லாம் நான் எடுத்து மேல போடுறேன், போங்க.

நான் இங்கயே இருக்கேன். எனக்கு அவசரம் இல்ல. மெக்கானிக் வந்து மேல ஏத்தட்டும், அதுவரைக்கும் உக்காந்திருக்கேன். நீங்க போய் வேலையைப் பாருங்க. ரயிலைத் தவறவிடாதீங்க. அங்க போய்ச் சேந்ததும் எங்க வீட்டுக்காரிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்க, அவ கவலைப்படுவா.

என்ன அது, கொளஞ்சி என்னத்தை இறக்குறான்?

இந்த நாற்காலியா.

வேற இல்லையா? ஸ்டூல் ஏதாவது? எல்லாத்தையும் கட்டியாச்சாமா. இதை மட்டும் ஏன் கட்டலை? அவன் கட்ட வேண்டாம்னு சொன்னானா. ரயில்ல கையிலயே எடுத்துட்டு வர்றேன்னானா. பிளாஸ்டிக் நாற்காலியை நாக்பூர் வரைக்கும் கையில. பைத்தியக்காரன். மாப்ள, இதுல காலை வெச்சு நான் ஏற மாட்டேன். மேல தூக்கிக்கச் சொல்லுங்க. அந்தம்மா உக்காந்த நாற்காலி.

அவன் ஏன் அங்க மண்டி போடுறான்? மூட்டுத் தேய்மானம் அவனுக்கு, மண்டி போடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. எனக்கு எப்படித் தெரியும்னா, தெரியும். எழுந்திரிக்கச் சொல்லுங்க மாப்ள. கையை எதுக்கு நீட்டுறான்? நீங்க நீட்டுங்க, நீங்கதான் வாலிபம், நான் பிடிச்சுக்கிறேன். அவன் கையை எடுக்கச் சொல்லுங்க.

எடுக்க மாட்டேங்குறானா. நீங்களும் சும்மா நின்னு பாக்குறீங்க.

இருங்க. செருப்பைக் கழட்டிக்கிறேன். செருப்புக் காலோட இதுல ஏறக் கூடாது. கொளஞ்சி, இதைப் பிடிய்யா, ஆடுது. இடுப்பு வலிக்கத்தான் செய்யுது. அந்தம்மா அன்னைக்கே சொல்லுச்சு.

தணிகாசலம். காலை நல்லா ஊணிக்கய்யா. நான் கனம்.